தண்டு கழிக்காத நிறை

02.03.2025, ஞாயிறு

காரின் தரைவிரிப்பு முழுவதையும் உரித்தாயிற்று. அதற்கு அடியில், சத்தம் உள்ளே வராமல் இருக்க, தார் மாதிரி ஒன்றைப் பூசி வைத்திருக்கிறார்கள். உளியால் சுரண்டினால் இழுபடுகிறதே தவிர உரியவில்லை. மூன்று மணித்தியாலம் மல்லுக்கட்டியதில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு இடம்தான் சுத்தமானது.

கலா தேத்தண்ணியோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மற்றச் சீற் எங்கை?"

"கழட்டியாச்சு."

"அப்ப நான் எங்கை இருக்கிறது?"

"நீர் ஒருநாளும் இதுக்குள்ளை ஏறினதில்லையே."

"ஏறச் சொல்லிக் கேட்டால்தானே ஏறுறது."

நியாயம்தான். கட்டிய மனைவிதானே கேட்கிறாள். மறுபடி குனிந்து சுரண்டினேன்.

ஏன் இந்த வேலை என்று எழுதிவைக்கிறேன். இரண்டு மாதம் போனால் நானே என்னைக் கேட்பேன். கார் சின்னது, ஜப்பான்காரன் செய்த இரண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார். அறுநூற்றறுபது சீசீ எஞ்சின், வயது இருபத்தெட்டு. தென்மராட்சியில் கைவிடப்பட்ட ஆலை வளவொன்றில் வருசாவருசம் ஓகஸ்ற்றில் போட்டி நடக்கிறது. கொங்கிறீற் தரையில் கூம்புகள் வைத்திருப்பார்கள். வளைந்து வளைந்து ஒரு சுற்று ஓடவேண்டும். சின்னக் கார்களில் ஐம்பத்திரண்டு செக்கனுக்குள் முடித்தவர்களுக்குத் தெற்கில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அழைப்பு வரும். எங்கள் பக்கத்திலிருந்து இந்த வகுப்பில் இன்னும் ஒருவரும் போகவில்லை. நான் போன வருசம் ஓடியது 54.6.

கொழும்பிலிருந்து வந்த றோய் இதே காரை, இதே எஞ்சினோடு, 51.4 இல் முடித்துவிட்டுக் கையசைத்துக்கொண்டு போனான். றோய் ஒன்றும் மெலிந்த ஆள் அல்ல. ஆனால் போட்டி நடத்தும் கழகத்தார் அவனுடைய காரைத் தராசில் ஏற்றியபோது 560 கிலோ. எஞ்சினைத் தொட விதி விடாது. நிறையைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. ஆகவே நானும் 560.

05.03.2025, புதன்

நீர்வேலிக்குக் கொண்டுபோய்க் காரின் நிறை பார்த்தேன். அருளம்பலம் அண்ணை அங்கே வாழைக்குலை வாங்குகிறவர். முப்பது வருசமாக எங்கள் தோட்டத்துக் குலைகள் அவருடைய தராசில்தான் ஏறுகின்றன. கார் முழுவதும் அந்தத் தராசில் ஏறாது. எனவே ஒரு சில்லைத் தராசில் விட்டு, மற்ற மூன்று சில்லுக்கும் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி, ஒவ்வொரு சில்லாக நிறுத்தோம். பலகையைப் பிடிப்பதும் காரைத் தள்ளுவதுமாக நான் குனிந்தது குனிந்தபடியே. அவர் மேசையில் இருந்து, எண்ணைப் பார்த்துப் பார்த்துக் குலைக்கு எழுதும் துண்டுச்சீட்டில் எழுதிக் கிழித்துத் தந்தார்.

"தம்பி, இது கதலியோ இதரையோ?" என்று வாழை இனம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். அங்கே நின்ற எல்லோருக்கும் சிரிப்பு.

கூட்டினால் 630! கார்ப் புத்தகத்தில் 720 என்று போட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சரிதான் – ஏசி இல்லை, மேலதிகச் சில்லு இல்லை, ஒரு சீற்றும் இல்லை. கழற்றின சாமான்களையும் அப்படியே நிறுத்து எழுதித் தந்தார். எஞ்சினை மூடும் பொனற்றையும் கழற்றித் தராசில் வைத்தோம், 11.7.

இன்னும் எழுபது கிலோதான். துண்டுகளை இந்தக் கொப்பியின் பின்மட்டையில் ஒட்டிவிட்டேன். நில அளவை என் தொழில். அரை அங்குல வேலிக்காக அண்ணன் தம்பி பத்து வருசம் முகம் பாராத ஊரில், சங்கிலி பிடித்துச் சீவிக்கிறவன் நான். அளவு எழுத்தில் இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

09.03.2025, ஞாயிறு

தாரை விறைக்கப் பண்ணினால் தட்டி உடைக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐஸ் வாங்கக் குருநகருக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கனிசியஸ், கடற்தொழிலாளி. "மீன் ஒண்டையும் காணேல்லை, ஐஸ் என்னத்துக்கு?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை மனுசன். "நிறை குறைக்கிறதெண்டால் என்ரை தங்கச்சியைக் கேளுங்கோ. போட்டுக்குப் பைபர் வேலை செய்யிறவ" என்றார்.

ஐஸ் வேலை செய்தது. தார் ஓடு மாதிரி உடைந்து வந்தது. ஒன்பது கிலோ!

16.03.2025, ஞாயிறு

இன்று மேர்சியைச் சந்தித்தேன். கனிசியஸின் தங்கை, முப்பத்துமூன்று வயதிருக்கும், ஒல்லியான ஆள். கரையோரக் கொட்டிலில் ஒரு போட் கவிழ்த்துக் கிடந்தது. அதன் வயிற்றில் ஒரு வெடிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். காலைப் பூசைக்குப் போய் வந்த சட்டைக்கு மேல் பழைய ஆண்பிள்ளைச் சேட்டு ஒன்று.

பொனற்றை இறக்கினேன். இரண்டு கையாலும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "பதின்மூண்டு" என்றார்.

"பதினொண்டு புள்ளி ஏழு," என்றேன். துண்டையும் காட்டினேன்.

துண்டைப் பார்த்தார். பொனற்றை இன்னொருமுறை தூக்கினார். "எத்தினை வருசம் தண்ணியிலை நிக்கவேணும்?" என்று கேட்டார்.

"தண்ணியே படாது."

"அப்ப மெல்லிசாப் போடலாம்."

போட் வேலை செய்கிறவருக்கு அதிகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஒருவர் வேலை செய்வதைப் பத்து நிமிடம்கூடப் பார்க்காமல் எப்படி அப்படி நினைத்தேன்?

12.04.2025, சனி

பொனற் வந்துவிட்டது. ஒரு விரலால் தூக்கலாம். பொய் இல்லை, கலா ஒரு விரலால் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு கிழமையாக அந்தக் கொட்டிலில் நின்று பார்த்தேன். அச்சுக்கு மெழுகு பூசுவது ஒரு நாள். பிறகு பைபர் என்கிற கண்ணாடியிழைத் துணியை வெட்டி, றெசின் பசை கலந்து, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியே தள்ளுகிறார். ஒரு குமிழ் தப்பினாலும் அவருக்குத் தெரிகிறது. விரல் நுனியால் தட்டிக் கேட்கிறார். நான் காதை வைத்துக் கேட்டேன், எனக்கு எல்லா இடமும் ஒரே சத்தம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் பிடிபட்டார். முன்விளிம்பில் துணியை மூன்றாவது படையாகவும் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"முன்பக்கம்தானே அண்ணை கரையிலை ஏறேக்கை அடிபடும்," என்று சொன்னவர், சொல்லி முடிக்கும் முன்பே தலையில் கை வைத்தார். "ஐயோ, இது கரைக்கு ஏறாது என்ன?"

ஒரு நாள் முழுக்க அந்தப் படையை அரைத்து எடுத்தார். நான் பரவாயில்லை என்று சொல்லியும் விடவில்லை. முன்னூறு கிராம்தான் அது.

18.04.2025, பெரிய வெள்ளி

குருநகரில் வேலை இல்லை. நான் கதவுக்குள் இருந்த இரும்புச் சட்டங்களைக் கழற்றினேன்.

11.05.2025, ஞாயிறு

பின்மூடியும் பைபர். கதவின் உட்பக்கமும் பைபர். துண்டின்படி 571. இன்னும் பதினொரு கிலோ.

இன்று மேர்சி ஒரு வேலை செய்தார். பொறியியல் படித்தவனுக்கும் தோன்றியிருக்காது. காரின் வலப்பக்கத்தில் நான் இருக்கிறேன். பற்றறியும் முன்னால் வலப்பக்கம். காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது ஒருபக்கம் சரிஞ்செல்லோ ஓடும்," என்றார்.

"ஒருத்தர் இருந்தால் அப்பிடித்தானே."

"போட்டிலை ஒருத்தர் ஒரு பக்கம் இருந்தால் மற்றப் பக்கம் ஐஸ்பெட்டியைத் தள்ளிவிடுவம்."

பற்றறியைப் பின்னால் இடப்பக்கம் கொண்டுபோனோம். ஒரு கிலோவும் குறையவில்லை, ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது கார் வேறு காராகிவிட்டது. உரும்பிராய்ச் சந்தியில் மூன்று தரம் சும்மா திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் வெளியே வந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எத்தனையோ வருசமாகக் கார்ப் பைத்தியம் பிடித்து அலைகிறேன். இப்படி ஒருவரோடு வேலை செய்வது இதுதான் முதல் தடவை.

08.06.2025, ஞாயிறு

நேற்று நீர்வேலியில் நிறுத்தது: 558. றோயின் காரைவிட இரண்டு கிலோ குறைவு! இன்று ஆலை வளவில், போட்டிக்கு வைக்கிற மாதிரியே கூம்பு வைத்து ஓடிப் பார்த்தோம். மேர்சியும் கனிசியஸும் பூசை முடிந்து வந்தார்கள்.

53.3. 53.1. 53.4.

53.1? றோயின் நிறையில் ஓடியும் ஐம்பத்திரண்டு வரவில்லை. என்ன கதை இது?

12.06.2025, வியாழன்

பிளக் மாற்றினேன். பிழை இல்லை.

15.06.2025, ஞாயிறு

எஞ்சின் வேலை செய்யும் றெஜியிடம் கொண்டுபோனேன். முழுக்கச் சோதித்துவிட்டு, "அண்ணை, உங்கடை எஞ்சின் என்ரை எஞ்சினைவிடச் சுகமா இருக்கு," என்றான். அவனுக்கு என்ன தெரியும்? எஞ்சின் சரியென்றால், நிறையும் சரியென்றால், மிச்சம் இருக்கிறது நான் தான். எனக்கு ஓடத் தெரியாது என்று சொல்ல வருகிறானா?

22.06.2025, ஞாயிறு

இதை எழுதவா வேண்டாமா என்று ஒரு மணித்தியாலம் யோசித்தேன்.

வேகம் பிடிக்கும்போது புதுப் பொனற்றின் விளிம்பு படபடவென்று அடிக்கிறது. உள்ளே இருந்து பார்த்தால்தான் எங்கே என்று தெரியும் என்றார் மேர்சி. இருப்பது ஒரு சீற். ஆகவே அவரே ஓடவேண்டியதாயிற்று. போட் ஏற்றும் சின்ன லொறியை ஒழுங்கைக்குள் பின்பக்கமாகக் கொண்டுபோகிறவர். ஓடத் தெரியும் என்று தெரியும். கனிசியஸும் வேலியோரம் நின்றார். மெதுவாக ஒரு சுற்று, பிறகு கொஞ்சம் கெதியாக ஒரு சுற்று. மூன்றாவது சுற்றுக்குக் கோட்டில் வந்து நின்றார். கை பழக்கத்தில் நான் கடிகாரத்தை அமத்திவிட்டேன்.

நான்கு வருசமாக என்னிடம் இருக்கிற கார். அது ஓடுவதை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை; எப்போதும் உள்ளே நான்தானே இருந்தேன். எவ்வளவு வடிவாகப் போகிறது! நான் போகும்போது கூம்புக்குக் கூம்பு பிறேக் அழும். இவருடைய ஓட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. கூம்பு வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறார். பிறகு வளைவு முழுக்க ஒரே இழுவை.

இறங்கியதும் கேட்டேன், எப்படி என்று.

"போட்டுக்குப் பிறேக் இல்லையே அண்ணை. கல்லுக்கிட்டப் போறதுக்கு முதலே குறைச்சுப்போட வேணும்," என்றார். "கல்லைப் பார்த்துக்கொண்டு ஓடினால் கல்லிலைதான் ஏறுவம். நான் அங்காலை வெளிக்கிடுற இடத்தைத்தான் பாக்கிறனான்."

பிறகு பொனற்றின் இடமூலையைக் காட்டி, அங்கே ஒரு கொழுக்கி போட்டால் அடிக்காது என்றார். தான் எத்தனை செக்கனில் ஓடினார் என்று கேட்கவில்லை.

கடிகாரத்தில் 52.4.

அழித்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. கலாவுக்கும் சொல்லவில்லை.

23.06.2025, திங்கள்

கோப்பாயில் ஒரு காணி அளந்தேன். இரண்டு தரம் பிழை விட்டேன். எனக்கு எரிச்சல். ஏன் மறைக்கவேண்டும்? என்ரை கார். என்ரை ஞாயிற்றுக்கிழமையள். நாலு வருசம் நாய்ப்பாடு பட்டது நான். மூண்டாவது சுற்றிலை ஒருத்தர் வந்து... சீ. இதை வாசிக்க எனக்கே பிடிக்கவில்லை.

29.06.2025, ஞாயிறு

சண்டை.

எஞ்சினைப் பிரிக்கப் போகிறேன் என்று மேர்சியிடம் சொன்னேன். கொழுக்கி பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எஞ்சினிலை பிழை இல்லை அண்ணை. கார் பாரம்," என்றார்.

"ஐந்நூற்றைம்பத்தெட்டு!"

"இல்லை."

"துண்டு இருக்கு மேர்சி. நான் எழுதினதில்லை. தராசு சொன்னது."

"என்ரை கை அப்பிடிச் சொல்லேல்லையே."

எனக்கு விசர் வந்துவிட்டது. கையாலை நிறுக்கிறதெண்டால் நான் ஏன் சங்கிலி வைச்சிருக்கிறன், கண்ணாலை காணி அளக்கலாமே என்று கத்தினேன். அவர் கொட்டிலின் பின்னால் போய்ப் பழைய பொனற்றை எடுத்துவந்து, றெசின் நிறுக்கும் தராசில் வைத்தார். 13.0.

"உந்தத் தராசு பிழையா இருக்கும்," என்றேன்.

"இருக்கலாம்," என்றார். "ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒண்டு வீட்டிலை இருக்கோ? உடைக்காதது?"

தோட்டம் உள்ள வீட்டில் இல்லாமல் இருக்குமா?

30.06.2025, திங்கள்

யூரியா மூட்டையை அருளம்பலம் அண்ணையின் தராசில் வைத்தேன். மேர்சியும் வந்திருந்தார், மேசைக்குப் பின்னால் போய் நின்றார். அருளம்பலம் அண்ணை எண்ணைப் பார்த்தார், எழுதினார், கிழித்துத் தந்தார்.

45.

"அண்ணை, தராசிலை ஐம்பதெண்டெல்லோ காட்டுது," என்றார் மேர்சி.

"ஓம், ஐம்பது," என்றார் அவர்.

"அப்ப ஏன் நாப்பத்தைஞ்சு எழுதினனியள்?"

மனுசன் துண்டைப் பார்க்கிறார், தராசைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "பத்துக்கு ஒண்டு கழிவெல்லோ தம்பி. நான் தண்டு கழிக்காமல் ஒருநாளும் எழுதினதில்லையே!"

குலை வாங்கும்போது தண்டுக்கென்று பத்தில் ஒன்றைக் கழித்து எழுதுவது வழக்கம். என் தகப்பனுக்கும் அப்படித்தான் எழுதினார், எனக்கும் அப்படித்தான் எழுதுகிறார். அது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்தே தெரியும்! அவருடைய கை காருக்கும் தண்டு கழித்திருக்கிறது. சீற்றுக்கும் கழித்திருக்கிறது. நான்கு மாதமாக நான் ஒருமுறைகூட நிமிர்ந்து தராசைப் பார்க்கவில்லை. துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், வீட்டில் எல்லோரும் செய்கிறது போலவே.

அருளம்பலம் அண்ணை பாவம், மிகவும் வருத்தப்பட்டார். இரண்டு சீப்புக் கப்பல் வாழைப்பழம் தந்தார். மேர்சி வாய்விட்டுச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யார் சொன்னது சரி என்று வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

கார் 620 கிலோ.

01.07.2025, செவ்வாய்

அறுபது கிலோ எங்கே போய் எடுப்பது? காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உள்ளே வெறும் தகரம். இனிக் கழற்றினால் சில்லைத்தான் கழற்றவேண்டும்.

கலா, வாசல்படியில் நின்றபடி: "நீங்கள் எத்தினை கிலோ?"

தொண்ணூற்றிரண்டு.

02.07.2025, புதன்

இன்றிலிருந்து இரவில் புட்டு இல்லை.

13.07.2025, ஞாயிறு

89.5. கடலை அவித்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வாய் செத்துப்போயிற்று. மேர்சி வீட்டிலிருந்து வந்த நண்டுக்கறியைக் கலா எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டாள். "நீங்கள் கார்தானே, உங்களுக்கு வேண்டாம்," என்றாள்.

20.07.2025, ஞாயிறு

என் நிறை 88. ஓட்டம் 52.9. இதற்கு மேல் என்னால் முடியாது. உடம்பாலும் முடியாது, ஓட்டத்தாலும் முடியாது. வளைவுக்கு முன்னால் காலை எடுத்துப் பார்த்தேன். எடுக்க வருகுதில்லை. கூம்பைக் கண்டால் கண் அங்கேயே போய் ஒட்டுகிறது.

வீட்டுக்கு வந்து கலாவுக்கு 52.4 ஐச் சொன்னேன். அவள் சீலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஓடினவ?"

"போன மாசம் இருபத்திரண்டு."

"ஒரு மாசமா மறைச்சு வைச்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கார் போகவேணுமோ, நீங்கள் போகவேணுமோ? அதை முதல் முடிவெடுங்கோ," என்றாள். சமையலறைக்குப் போய்ப் புட்டு அவித்துக்கொண்டு வந்து வைத்தாள்.

கார் போகவேண்டும். அதுதானே முதலிலிருந்தே. இல்லையா? நான் போகவேண்டும் என்றுதான் இருந்தது, கார் ஒரு சாட்டு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தச் சுற்றைக் கண்ணால் கண்டுவிட்டேன். அதைக் கண்டபிறகு 52.9 ஐக் கொண்டு திரிய மனம் வருகுதில்லை.

21.07.2025, திங்கள்

குருநகருக்குப் போனேன். மேர்சி கொட்டிலில் தனியாக நின்றார்.

"ஒரு விசயம் சொல்லவேணும். அண்டைக்கு நீர் ஓடினது..."

"ஐம்பத்திரண்டு புள்ளி நாலு," என்றார்.

உமக்கு என்னெண்டு தெரியும் என்று கேட்டேன்.

"கனிசியஸ் அண்ணை போனிலை படம் பிடிச்சவர்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"கார் உங்கடை, அண்ணை. என்னை ஓடச் சொல்லிக் கேக்க வேண்டியது நீங்கள்தானே."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டுதான் கொழுக்கி பூட்டியிருக்கிறார், என்னிடம் பேச்சு வாங்கியிருக்கிறார், யூரியா மூட்டையோடு நீர்வேலிக்கு வந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. இருந்திருந்தால் கடிகாரத்தை அழித்திருக்க மாட்டேன்.

"நீர் ஓடுவீரோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். ஒரு கணமும் யோசிக்கவில்லை. பிறகு கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெறும் றெசின் வாளிகள், வெயிலில், ஆலை வளவில் கூம்புகள் நிற்கிற அதே ஒழுங்கில். இரண்டு வாளி நசுங்கியிருந்தது. ஒரு மாதமாக லொறியை வைத்துப் பழகுகிறாராம்.

"கேப்பியளெண்டு தெரியும்," என்றார். "எப்ப கேப்பியளெண்டுதான் தெரியேல்லை."

27.07.2025, ஞாயிறு

52.2. மேர்சி நாற்பத்தேழு கிலோ. பைபரில் ஒரு சீற்றும் செய்து பூட்டினார், பழையதைவிட மூன்று கிலோ குறைவு.

30.07.2025, புதன்

நல்லூர்க் கோயிலில் நேற்றுத் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. இனி இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மரக்கறி. அது தெரியாமல் கனிசியஸ் இன்று பார்த்து ஒரு பெரிய பாரைமீனோடு வந்து நின்றார். அடுத்த வீட்டுக்காரருக்கு நல்ல நாள்.

போட்டி விண்ணப்பத்தில் ஓட்டுநர் என்ற இடத்தில் மேர்சியின் பெயரை எழுதினேன். நான்கு வருசமாக என் பெயரை எழுதிய இடம். கை கொஞ்சம் நின்றுதான் எழுதியது, அதையும் எழுதிவைக்கிறேன்.

10.08.2025, ஞாயிறு

போட்டி நாள். காலையில் மேர்சியின் முதல் ஓட்டம் 51.9. ஆனால் கடைசிக் கூம்பைத் தட்டிவிட்டார். அதற்கு இரண்டு செக்கன் கூட்டினார்கள். 53.9. இறங்கி வந்தபோது உதடு வெளிறிப் போயிருந்தது. "சூடு கூட, தண்ணி குடியும்," என்று மட்டும் சொன்னேன். கலாதான் கையைப் பிடித்துக்கொண்டு நிழலில் போய் இருந்தாள்.

பின்னேரம் இரண்டாவது ஓட்டம். வேலியோரம் நின்றேன். கனிசியஸ் செபம் சொன்னார், கலா முருகா முருகா என்றாள், நான் கடிகாரத்தைக் கையில் எடுக்கவே இல்லை. கடைசிக் கூம்புக்கு எவ்வளவோ முன்னால் எஞ்சின் சத்தம் தணிந்தது. ஐயோ, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். விடவில்லை. கூம்பைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளியில் உருவிக்கொண்டு வந்தார்.

51.7.

கனிசியஸ் என்னைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

கழகத்தார் காரைத் தராசில் ஏற்றினார்கள். இந்தமுறை நான் நிமிர்ந்து, என் கண்ணாலேயே பார்த்தேன். 617. "வடக்கிலையிருந்து முதல் கார்" என்று ஒலிபெருக்கியில் சொல்லி, மேர்சியின் பெயரை இரண்டு தரம் வாசித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம்தான். நூற்றுக்குத் தொண்ணூறு சந்தோசம் என்று வைப்போம்.

31.08.2025, ஞாயிறு

இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமை.

சீற்றை முன்னும் பின்னும் தள்ளுவதற்குக் கீழே இரண்டு இரும்புத் தண்டவாளமும் ஒரு பூட்டும் இருக்கின்றன. ஐந்து கிலோ இருநூறு. அவற்றை எடுத்துவிட்டு, மேர்சி செய்த பைபர் சீற்றை நேரே தரையில் பூட்டினால் அந்த நிறை முழுக்க மிச்சம். எனக்கு இது முதலிலிருந்தே தெரியும். கணக்கில் எழுதாமல் விட்டிருந்தேன்.

இன்று காலை மேர்சியை உள்ளே இருக்கச் சொல்லி, கிளச்சிலிருந்து அவருடைய இடுப்புவரை நாடாவால் அளந்தேன். மூன்று தரம் அளந்தேன். தரையில் நான்கு புள்ளி குறித்துத் துளைத்தேன்.

"அண்ணை," என்றார். "இப்பிடிப் பூட்டினால் பிறகு நீங்கள் என்னெண்டு ஓடுறது?"

"அந்த நட்டை எடுத்துத் தாரும்," என்றேன்.

அவர் உடனே தரவில்லை. கலா விறாந்தையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக நான்கையும் தந்தார்.

பூட்டி முடித்துவிட்டு, சரியாக நிற்கிறதா என்று பார்க்க நானும் ஏறிப் பார்த்தேன். ஒரு கால்தான் உள்ளே போனது. மற்ற முழங்கால் ஸ்ரியறிங்கில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே வந்து, நான்கு நட்டையும் இன்னொருக்கா இறுக்கினேன்.